பக்கம் எண்பத்தெட்டில் திரும்பிய முடிச்சு

பஞ்சாட்சரத்துக்குக் கணக்கு வராது. பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டு மதிப்பெண் வாங்கித் தப்பித்தவர். அதை அவர் மறைத்ததில்லை, சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் எங்கோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் கணித அறிஞர்கள் ஒரு வாரம் கூடிப் பேசி, பேசியதைக் கட்டுரைகளாக எழுதி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தடித்த தொகுதியாக வெளியிடுவார்கள் அல்லவா? அப்படிப்பட்ட தொகுதிகளில் நாற்பத்து மூன்றுக்கு அவர்தான் படம் வரைந்தார். அவற்றில் கடைசியாக வந்தவை மலைமேல், ஜமுனாமரத்தூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே, சாமை மூட்டை அடுக்கிய அறையில், மூட்டைகளுக்கு எதிரே போட்ட மேசையில் வரையப்பட்டவை.

கணித மாநாட்டுத் தொகுதி என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. அவரே அதற்குக் கூட்டத்துப் புத்தகம் என்று பெயர் வைத்தார்.

"இன்னாங்க, இந்த மாசம் எந்த ஊரு கூட்டம்?" என்று மனைவி மாதம்மாள் கேட்பாள்.

"ஜெர்மனி."

"எத்தினி பேரு வந்தாங்களாம்?"

"முப்பத்தாறு பேரு பேசியிருக்காங்க."

"முப்பத்தாறு பேரு பேசுனா எவன் கேட்டிருப்பான்?"

கேட்கிறவர்கள் யாரென்று அவருக்கும் தெரியாது. மகள் கல்பனாவுக்கும் தெரியாது. அவள் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவள். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் சோதிக்கிற வேலை. கொரோனா வந்த வருஷம் அவளும் வீட்டுக்கு வந்தாள், அப்பாவும் வந்தார். பலா மரத்தில் கட்டிய ஆன்டெனாவில் வருகிற சிக்னலை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெரிய கோப்பு என்றால் பஞ்சாட்சரம் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எக்ஸ்எல் வண்டியில் ஜமுனாமரத்தூர் போய் அனுப்பிவிட்டு வருவார்.

கணக்கு வராதவர் இந்த வேலைக்கு வந்தது கையால்தான். ஜமுனாமரத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் பள்ளிப்படிப்பு. திருவண்ணாமலை ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன். வேலூரில் ஓர் இன்ஜினியரிடம் பத்து வருஷம் வீட்டு பிளான் போட்டார். 2002இல் சென்னைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். வெளிநாட்டுப் பதிப்பாளர்களுக்குப் புத்தகங்களைப் பக்கமாக்கித் தருகிற கம்பெனி. பேராசிரியர்கள் கையால் கிறுக்கி அனுப்பும் படங்களைச் சுத்தமாக மறுபடி வரைவது அவர் வேலை. பதினெட்டு வருஷம் வில்லிவாக்கத்தில் ஓர் அறையில் இருந்தார். மாதத்துக்கு ஒரு தடவை மலையேறி வருவார். கல்பனாவின் குழந்தைப் பருவத்தில் அப்பா என்பவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மாலை பஸ்ஸில் போகிற ஒருவர்.

அவருக்கென்று தனியாக வந்து சேர்ந்தவை முடிச்சுப் படங்கள். கணிதத்தில் முடிச்சுகளை ஆராய்கிற ஒரு துறை இருக்கிறது. ஒரு கயிற்றை முடிந்து, இரண்டு நுனியையும் சேர்த்து ஒட்டிவிட்டால் அது அவர்களுடைய முடிச்சு. அறுக்காமல் ஒரு முடிச்சை இன்னொன்றாக மாற்ற முடியுமா என்பது அவர்கள் கேள்வி. படத்தில் கயிறு ஒரு கோடு. கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில், கீழே போகிற கோட்டில் சின்ன இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளி ஓரிடத்தில் மாறிவிட்டால் வேறு முடிச்சாகிவிடும். மற்ற வரைகலைஞர்கள் இதில் திணறினார்கள். பஞ்சாட்சரம் ஒரு முழம் நைலான் கயிற்றை எடுத்து, பேராசிரியரின் கிறுக்கலைப் பார்த்துப் பார்த்து முடிந்து, நுனிகளை இன்சுலேஷன் டேப்பால் ஒட்டி, மேசையில் வைத்துக்கொண்டு வரைவார். இடைவெளி தப்பாது. பதினெட்டு வருஷத்தில் அவர் பெயரில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை.

அந்த ஒரு காரணத்துக்காகத்தான் மேலாளர் மோகன், கொரோனா முடிந்து எல்லோரையும் அலுவலகத்துக்குத் திருப்பிக் கூப்பிட்டபோதும் இவரை மட்டும் மலையிலேயே இருக்க விட்டார். ஒரு நிபந்தனை போட்டார். பதிப்பாளர் பக்கத்திலிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் திரும்பிவந்து சென்னையில் உட்கார வேண்டும். "புகார் எங்க வரப்போவுது சார்" என்று பஞ்சாட்சரம் சொன்னார். நம்பித்தான் சொன்னார்.

2023 ஆவணியில் ஒரு புதிய தொகுதி வந்தது. கட்டுரைகளை அவர் படிப்பதில்லை. 'ஃபிகர்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடவிட்டு, அது வருகிற இடமெல்லாம் போய், அங்கே படம் இருக்கிறதா என்று பார்ப்பார். அவ்வளவுதான். ஒரு கட்டுரையில் அந்தச் சொல் இருந்தது, படம் இல்லை. வேறு ஏதோ புத்தகத்தின் எண்பத்தெட்டாம் பக்கத்துப் படத்தைப் பற்றிய வாக்கியம். எந்தப் புத்தகம் என்று கட்டுரையின் கடைசியில் பட்டியலைப் பார்த்தார். அவர் படம் போட்ட புத்தகம். 2011, போலந்துக் கூட்டம்.

"கல்பனா, இங்க வா. இது இன்னா சொல்லுது?"

கல்பனா படித்தாள். இன்னொரு முறை படித்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"பழைய புத்தகத்துல எண்பத்தெட்டாம் பக்கத்துல இருக்கிற படம், அதுல எழுதுன போலந்து அம்மா எழுத்துல சொல்ற முடிச்சு இல்லையாம். அதோட கண்ணாடி பிம்பமாம். ரெண்டுல எதை வச்சு அவங்க கணக்குப் போட்டாங்கன்னு தெளிவா இல்ல, அதனால அவங்க அட்டவணைய நாங்க எடுத்துக்கலன்னு இந்தக் கட்டுரைக்காரரு எழுதியிருக்காரு."

"எத்தினி பக்கம் அட்டவணை?"

பழைய புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சொன்னாள். "பதினோரு பக்கம்."

பஞ்சாட்சரம் பீரோவிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்தார். பேராசிரியர்கள் அனுப்பிய கிறுக்கல்களையும் தான் வரைந்தவற்றையும் அவர் எறிந்ததே இல்லை. போலந்து அம்மாள் பென்சிலால் போட்டு ஸ்கேன் செய்த படத்தையும் தன் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஏழு இடத்தில் கடக்கிற முடிச்சு. இடைவெளிகள் அத்தனையும் சரி. ஆனால் படம் மொத்தமாக இடம் வலமாகத் திரும்பியிருந்தது.

திருப்பியவர் அவர்தான். எப்படியென்று உடனே நினைவுக்கு வந்தது.

சென்னைக் கம்பெனியில் அவருக்கு மேலே ராஜாக்கண்ணு என்று ஒருவர் இருந்தார். படத்தை உலோகத் தகட்டில் பிளாக் எடுத்து அச்சடித்த காலத்து ஆள். அவர் ஒரு விதி வைத்திருந்தார்: படம் எதுவானாலும் புத்தகத்தின் நடுவில் இருக்கும் தையலைப் பார்த்து இருக்க வேண்டும். இடப்பக்கத்துப் படத்தில் ஆள் வலது பார்க்கணும், வலப்பக்கத்துப் படத்தில் இடது பார்க்கணும். "வெளிய பாத்தா படம் புத்தகத்த வுட்டு ஓடிடும்யா" என்பார். போட்டோவுக்குச் சொன்ன விதியைப் பஞ்சாட்சரம் வரைபடத்துக்கும் வைத்துக்கொண்டார். வெளியே ஓடுகிற மாதிரி சாய்ந்த படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டு, எழுத்துகளை மட்டும் நேராக்குவார். பக்கம் அழகாக உட்காரும்.

முடிச்சுப் படத்தில் முதல் தடவை அப்படிச் செய்யும்போது அவருக்குச் சந்தேகம் வந்தது. ஆசிரியருக்குக் கேள்வி அனுப்பினார். அந்தத் தொழிலில் அதற்குக் குவெரி என்று பெயர். அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் புரூஃபின் ஓரத்தில் எண் போட்டு எழுதி அனுப்புவது. திருப்பலாமா என்று கேட்டார். பதில் வந்தது: தாராளமாக, கண்ணாடியில் பார்த்தாலும் இது இதே முடிச்சுதான். அது நான்கு கடப்புகள் உள்ள முடிச்சு. பதில் அதற்குச் சரி. பஞ்சாட்சரம் அதை எல்லா முடிச்சுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்துப் போலந்து அம்மாளின் ஏழு கடப்பு முடிச்சு வந்தபோது அவர் கேட்கவில்லை.

அடுத்த மூன்று நாள் வேறு வேலை ஓடவில்லை. ஏழு கடப்பு முடிச்சை இரண்டு கயிற்றில் போட்டார். சிவப்பு, போலந்து அம்மாள் வரைந்தது. நீலம், தான் திருப்பியது. சிவப்பை இழுத்தும் புரட்டியும் உள்ளே நுழைத்தும் நீலமாக்கப் பார்த்தார். ஆகவில்லை. நான்கு கடப்பு முடிச்சைப் போட்டுப் பார்த்தார். அது அரைமணி நேரத்தில் தன் கண்ணாடி பிம்பமாகவே மாறி உட்கார்ந்தது.

"உன்னால முடியலன்னா முடியாதுன்னு அர்த்தம் இல்லப்பா" என்றாள் கல்பனா. சோதனை செய்கிறவளின் பேச்சு. அப்பாவுக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தாள் என்றும் சொல்லலாம்.

"முடியாதுன்னு அந்த அம்மாவே எழுதியிருக்குதாமே. நீதான சொன்ன?"

"ஆமா. ரெண்டாம் பக்கத்துல."

"அப்பறம் இன்னா?"

மூன்றாம் நாள் மத்தியானம் களி தின்கிறபோது விஷயத்தை மாதம்மாளிடம் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் முதல் கேள்வி:

"இப்ப நீ சொல்லலன்னா?"

"ஒண்ணும் ஆவாது. அந்த அம்மா தப்புன்னு இந்தப் புத்தகத்துல வந்துடும்."

"சொன்னா?"

"மெட்ராசுக்கு வான்னுவாங்க."

மாதம்மாள் தட்டை நகர்த்தி வைத்தாள். பதினெட்டு வருஷம் மாதத்துக்கு ஒரு நாள் புருஷனைப் பார்த்தவள் அவள். இந்த மூன்று வருஷத்தில்தான் அவர் சாமை அறுப்புக்கு நின்றார். ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்தார். சண்டை போடுகிற அளவுக்கு வீட்டில் இருந்தார்.

"அந்த அம்மா யாரு, உங்க அத்த பொண்ணா?" என்றாள்.

"இல்ல."

"எங்கியோ கீறவங்களுக்காக நீ மறுபடி மூட்டை கட்டிக்கினு கீழ எறங்குவியா?"

பஞ்சாட்சரம் கை கழுவப் போனார். மாதம்மாள் கல்பனாவைப் பார்த்தாள்.

"நெஜமாவே அந்த அம்மா மேல தப்பு இல்லியா?"

"இல்லம்மா. அவங்க சரியாத்தான் வரைஞ்சு குடுத்தாங்க. பதினோரு பக்கம் கணக்குப் போட்டிருக்காங்க. அதத்தான் வேணாம்னு தள்ளிட்டாரு இவரு."

மாதம்மாள் கொல்லைப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "நம்ம மாடு மேஞ்சிட்டு வந்து, அவங்க காட்டுல வெளைச்சலே இல்லன்னு ஊரு பேசுனா, மாட்டுக்காரன் வாய மூடிக்கினு குந்தியிருப்பானா? கேக்கறேன். எனுக்குத் தெரியல." சொல்லிவிட்டுக் கோபமாகவே எழுந்து போனாள்.

அன்று மாலையே பஞ்சாட்சரம் கல்பனாவைக் கூப்பிட்டார். படம் வரைகிறவர்கள் ஆசிரியர்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதக் கூடாது என்பது கம்பெனி விதி. அவர்களுக்கு விட்டிருக்கிற ஒரே வழி குவெரி. அது கேள்வியாக இருக்க வேண்டும் என்பதும் விதி. அபிப்பிராயம் சொல்லக் கூடாது, திருத்தக் கூடாது, கேட்கலாம். இருபத்தோரு வருஷம் கேள்வி மட்டும் கேட்டுப் பழகிய மனிதர் தான் செய்த தவற்றையும் கேள்வியாகத்தான் எழுத வேண்டியிருந்தது. அவர் தமிழில் சொன்னார், கல்பனா ஆங்கிலத்தில் எழுதினாள்.

'மேற்கோள் பட்டியலில் பன்னிரண்டாவதாக உள்ள புத்தகத்தின் எண்பத்தெட்டாம் பக்கப் படத்தை வரைந்தவர், பக்க அமைப்புக்காக அதை இடம் வலமாக மாற்றிவிட்டார். அந்தக் கட்டுரையை எழுதியவர் அனுப்பிய மூலப்படம் சரியானது, இத்துடன் இணைத்துள்ளோம். இந்த வாக்கியத்தை மாற்றலாமா?'

அவளே அதைத் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"வரைந்தவர்னா எவனோ ஒருத்தன் மாதிரி கீது. நான்னு போடு."

"குவெரியில நான்னு வராதுப்பா."

"அப்ப பேரப் போடு."

கல்பனாவின் கை விசைப்பலகை மேல் நின்றது. அவளுடைய வேலையில் பிழை என்பது ஓர் எண். தினம் இருபது எண் பதிவாகும், இருபது எண் மூடப்படும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அப்பாவின் வேலையில் அப்படி இல்லை என்று அவளுக்குத் தெரியும். 'வரைந்தவர்' என்பதற்குப் பக்கத்தில் பஞ்சாட்சரம் என்று அடித்தாள். எழுத்துக்கூட்டலை அவர் குனிந்து பார்த்துச் சரி என்றார். மறுநாள் காலை ஜமுனாமரத்தூர் போய் அனுப்பிவிட்டு, அப்படியே சந்தையில் கருவாடும் வெங்காயமும் வாங்கிவந்தார்.

பதினொரு மணிக்கு போன் வந்தது. புவனா. அந்தத் தொகுதியைக் கம்பெனியில் கவனித்துக்கொள்கிற பெண். செங்கத்துக்காரி என்பதால் இவரிடம் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்வாள். குவெரிகளை வெளியே அனுப்புகிறவள் அவள்தான்.

"அண்ணா, நாலாம் நம்பர் குவெரி இன்னாண்ணா இது? நெஞ்சு பக்குன்னுச்சு."

"கேள்விதானம்மா கேட்டிருக்கேன்."

"விளையாடாதீங்க. இத அனுப்புனா பதிப்பாளர் பாப்பாங்க. பாத்தா மூலகாரணம் எழுதுன்னு ஃபாரம் வரும். அதுல உங்க பேருதான் வரும். மோகன் சாரு இன்னா சொல்வாருன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"பன்னெண்டு வருசம் ஒருத்தரும் பாக்கல."

"ஒருத்தர் பாத்துட்டாரேம்மா. பாத்து, தப்பா எழுதிட்டாரு."

எதிர்முனையில் பெருமூச்சு. "குவெரி கேள்வியா இருந்தா நான் தடுக்க முடியாது. ரூல் அப்படி. கேள்விக்குறி போட்டிருக்கீங்க. பெரிய ஆளுண்ணா நீங்க."

"அனுப்பும்மா."

"மூணு மணி வரைக்கும் வெச்சிருக்கேன். மனசு மாறுனா சொல்லுங்க."

மூன்று மணி வரை பஞ்சாட்சரம் அந்தத் தொகுதியின் மற்ற படங்களை வரைந்தார். பன்னிரண்டு படங்கள் மீதி இருந்தன. போனை எடுக்கவில்லை. கல்பனா எதிர் மூலையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு, இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்தாள். மூன்றேகாலுக்குப் புவனாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: அனுப்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து மோகன் பேசினார். கத்தவில்லை. ஃபாரம் வந்துவிட்டது, மேலிடம் கேட்கிறது, நான் பேசிப் பார்த்தேன் என்றார். முதல் தேதி சென்னைக்கு வந்துவிடுங்கள் என்றார். பஞ்சாட்சரம் வாசலில் நின்றபடி பேசினார். மாதம்மாள் முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். உடைக்கிற சத்தம் நின்றது.

"வர்ல சார்" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுங்க பஞ்சாட்சரம். இந்த முடிச்சுப் படமெல்லாம் போட எங்களுக்கு வேற ஆள் இல்ல."

"கயித்துல போட்டுப் பாத்துட்டு வரையச் சொல்லுங்க. யாருக்கும் வந்துடும்."

ஃபாரத்தில் ஒரு கட்டம் அவர் நிரப்ப வேண்டியிருந்தது. இனி இது நடக்காமலிருக்க என்ன நடவடிக்கை? கல்பனா நாலு வரி எழுதிக்காட்டினாள். அவர் அதை அடித்துவிட்டு ஒரே வரி சொன்னார்: திருப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். பன்னிரண்டு படங்களையும் முடித்து அனுப்பினார். அதோடு வேலை போயிற்று.

புதிய தொகுதி அந்தத் தை மாதம் வெளியானது. அந்த வாக்கியம் மாறியிருந்தது. 2011 படம் அச்சுப் பணியில் இடம் வலமாகத் திரும்பியது, மூலப்படத்தை இப்போது பார்த்தோம், அட்டவணை சரியானது, கீழே அதைப் பயன்படுத்துகிறோம் என்று இருந்தது. அவர் பெயர் இல்லை. அவர் அதைத் தேடவும் இல்லை. 'பயன்படுத்துகிறோம்' என்ற இடத்தைக் கல்பனாவை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். இரண்டு வாரம் கழித்துப் புவனா ஒரு மின்னஞ்சலை அனுப்பிவைத்தாள். போலந்து அம்மாள் குவெரியைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்கு எழுதியது. ஓய்வுபெற்று எட்டு வருஷம் ஆகிறதாம். சுருக்கமான கடிதம். அந்தப் பக்கத்தின் புரூஃபில் கையெழுத்துப் போட்டு அனுப்பியது நான். படம் திரும்பியிருப்பதை நானும் பார்க்கவில்லை. ஆகவே பாதித் தவறு என்னுடையது என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி. திரு. பஞ்சாட்சரம் வேறு எந்தப் படங்களைத் திருப்பினார்?

பஞ்சாட்சரம் முதல் பாதியைக் கேட்டு, "பாவம், அந்த அம்மா" என்றார். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. தையலைப் பார்க்க வேண்டும் என்று அவர் இருபது வருஷம் திருப்பிக்கொண்டிருந்தார். எத்தனை, எங்கே என்று அவருக்கே தெரியாது.

"நான் ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன்பா" என்றாள் கல்பனா. "உன் படத்தையும் அவங்க படத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்து, திரும்பியிருக்கிறத அதுவே பிரிச்சுக் குடுக்கும்."

"அது கிறுக்கல பாத்துப் புரிஞ்சிக்குமா?"

"எழுபது சதவீதம்."

"மீதி முப்பது?"

அவர் ஒரு நானூறு பக்க நோட்டு வாங்கிவந்தார். தொகுதி, பக்கம், படம், திருப்பியதா, பாதிப்பு. ஐந்து பத்தி போட்டு, 2002இலிருந்து ஆரம்பித்தார். காலையில் காட்டு வேலை, பத்து மணிக்கு மேல் நோட்டு. யாரும் கேட்காத வேலை, கூலியும் இல்லை. மாதம்மாள் முதலில் முணுமுணுத்தாள். பிறகு வெளியூர்க்காரர் யாராவது அவர் எங்கே என்று கேட்டால், "கூட்டத்துல கீறாரு" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

பாதிப்பு என்ற பத்தியில் அவர் மூன்று சொற்கள் வைத்திருந்தார். இல்லை, உண்டு, தெரியவில்லை. வெறும் கோட்டுச் சித்திரம், கட்டங்களைக் கோடு போட்டு இணைக்கிற பெட்டிப் படம் என்றால் பெரும்பாலும் 'இல்லை'. முடிச்சு என்றால் கயிற்றை எடுப்பார். தெரியவில்லை என்று வருகிறவற்றுக்குக் கல்பனா அந்தந்தப் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுவாள். கம்பெனியை விட்டு வந்துவிட்டதால் இப்போது நேரடியாக எழுத முடிந்தது. ஏழு கடிதங்கள் போயின, ஐந்துக்குப் பதில் வந்தது. ஒருவர் அந்தக் கட்டுரையே தவறு, படத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று எழுதினார். பஞ்சாட்சரம் அன்று முழுக்கச் சிரித்தார். பதினெட்டாவது தொகுதியில் இன்னொரு 'உண்டு' கிடைத்தது. மூன்று கடப்பு முடிச்சு. அன்றே எழுதினார்கள். அந்த ஆசிரியர் நன்றி, குறித்துக்கொண்டேன் என்று ஒரு வரி போட்டார். அவ்வளவுதான். ஒன்றும் இடிந்து விழவில்லை. அந்த ஒரு வரியைக் கேட்டபிறகுதான் அவர் முகத்தில் முன்பிருந்த தெளிவு திரும்பியது என்று கல்பனாவுக்குத் தோன்றும்.

2024 ஐப்பசியில் முப்பத்தாறாவது தொகுதி முடிந்தது. மறுநாள் காலை காட்டிலிருந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி பிடித்துச் செங்கத்துக்குக் கிளம்பினார்கள். மலை இறங்கி முடிக்கவில்லை. வயது ஐம்பத்திரண்டு.

காரியம் முடிந்து நாற்பது நாளுக்கு மேல் கல்பனா அந்த மேசைப் பக்கம் போகவில்லை. தன் வேலையைச் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "அப்பா இன்னா வேல செஞ்சாரு?" என்று கேட்டார்கள். புத்தகத்துக்குப் படம் வரைந்தார் என்று சொன்னாள். என்ன புத்தகம் என்று கேட்டவர்களிடம் கணக்குப் புத்தகம் என்றாள். பள்ளிக்கூடப் புத்தகம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் திருத்தவில்லை. திருத்துவதற்கு நிறையப் பேச வேண்டும். அப்போது அவளால் அவ்வளவு பேச முடியவில்லை.

மார்கழிக் கடைசியில் மாதம்மாள்தான் கேட்டாள். "அந்த நோட்டு இன்னும் எத்தினி கீது?"

"ஏழு புத்தகம்."

"உன்னால ஆவுமா?"

"அப்பா அளவுக்கு ஆவாது."

"ஆவறத பாரு."

கல்பனா உட்கார்ந்தாள். முப்பத்தேழில் திருப்பியது ஒன்றுகூட இல்லை. முப்பத்தெட்டில் இரண்டு, இரண்டும் பெட்டிப் படங்கள், இல்லை, இல்லை என்று எழுதினாள். அவருடைய கையெழுத்துக்குக் கீழே அவளுடையது கோணலாக இருந்தது. முப்பத்தொன்பதில் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒன்று அகப்பட்டது. முடிச்சு இல்லை. துளைகள் உள்ள ஏதோ ஒரு பரப்பு, அதன்மேல் அம்புக்குறிகள். திரும்பியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. அதனால் என்ன ஆகும் என்று கட்டுரையைப் படித்தாள். அவள் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவள். மூன்று நாள் படித்தாள். புரியவில்லை.

ஐந்தாவது பத்தியில் தெரியவில்லை என்று எழுதினாள். அந்தப் பேராசிரியரின் முகவரியைத் தேடி எடுத்தாள். படத்தை வரைந்தவர் பஞ்சாட்சரம் என்றும், அவர் இப்போது இல்லை என்றும், அவருடைய மகள் கேட்கிறேன் என்றும் எழுதினாள். இந்தப் படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது; இதனால் உங்கள் கட்டுரைக்குப் பாதிப்பு உண்டா?

அவர் இப்போது இல்லை என்ற வரியை ஆங்கிலத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அனுப்பினாள். பதிலுக்குக் காத்திருக்காமல் நாற்பதாவது தொகுதியைத் திறந்தாள். அதில் இருநூற்று ஆறு படங்கள் இருந்தன.